கறுப்பும் ஒரு கலர்தானே!

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 45 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. ஒரே மகள், 20 வயது, புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவளைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைத் தோள்வரை வெட்டி, செம்புக் கலரில் மாற்றியிருக்கிறாள். மாமியார் பார்த்துவிட்டு, "என்னடி இது, எண்ணெயே காணாத தலை மாதிரி" என்றார். நான் கத்திவிட்டேன். "இந்த மாதிரித் தலையோட சுத்துற பொண்ணுங்களை ஊர்ல என்ன சொல்வாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டதற்கு, "நீ மட்டும் மூணு வாரத்துக்கு ஒருதடவை அடிச்சுக்கிறியே, அது என்ன? கறுப்பும் ஒரு கலர்தானே?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் 36 வயதிலிருந்து டை அடிக்கிறேன். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து, "உக்காருங்க பாட்டி" என்று இடம் கொடுத்த அன்று ஆரம்பித்தது.

இப்படிக் கலர் பண்ணும் பிள்ளைகளின் மனநிலை என்ன? கெட்ட சகவாசமா? முடி கொட்டிவிடுமா? அவளை எப்படிப் பேசி மாற்றுவது?

பி.கு: டை அடித்த இரண்டாம் நாள் எனக்கு நெற்றி ஓரம் அரிக்கும். ஒரு வருடமாக நெற்றியும் காதோரமும் கறுத்து வருகிறது. வெயில் மங்கு என்று மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் போடுகிறேன். அது பெரிய விஷயமில்லை.

— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இங்கே சுருக்கித் தந்திருக்கிறோம். ஒன்றே முக்கால் பக்கம் மகளின் தலைமுடியைப் பற்றி. கடைசியில் ஒரு மூலையில் நுணுக்கி எழுதிய நான்கு வரிதான் உங்களைப் பற்றி. தோல் மருத்துவரான என் கண் முதலில் போய் நின்றது அங்கேதான். பெரிய விஷயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். அதை முடித்துவிட்டு மகளிடம் வருகிறேன். அவள் தலைக்கு அவசரம் ஒன்றுமில்லை.

கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் டை அடித்து இரண்டாம் நாள் அரிப்பு, முடியோரத்தைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் கருமை, காதோரத்திலும் அதே கருமை என்று சேர்ந்து வந்தால், எந்தத் தோல் மருத்துவரும் முதலில் டையைத்தான் சந்தேகப்படுவார். மங்கு பெரும்பாலும் கன்னம், மூக்கு, மேலுதடு, நடுநெற்றி என்று முகத்தின் முன்பக்கத்தில் வரும். கண்ணாடி முன் நின்று காது மடலைத் தள்ளி, பின்பக்கம் பாருங்கள். அங்கேயும் கறுத்திருந்தால் வெயிலைக் குற்றம் சொல்ல வழியில்லை. காதுக்குப் பின்னால் எங்கே வெயில் படுகிறது?

கறுப்பு டையில் நிறம் கொடுக்கும் முக்கியப் பொருள் பாரா-ஃபினைலீன்டையமைன். நாங்கள் பி.பி.டி. என்போம். இது நிறமில்லாத சின்ன மூலக்கூறாக முடிக்குள் நுழைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றோடு சேர்ந்து உள்ளேயே பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறிவிடும். வந்த வழியே வெளியேற முடியாது. எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் நிறம் நிற்பது அதனால்தான். அந்தச் சின்ன மூலக்கூறு தோலுக்குள்ளும் நுழையும். சிலர் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று ஒருநாள் மனப்பாடம் செய்துகொள்ளும். அந்த ஒருநாள் முதல் தடவையாகவும் இருக்கலாம், நூறாவது தடவையாகவும் இருக்கலாம். "ஒன்பது வருஷமா இதே பாக்கெட்தான் டாக்டர், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாதவர்களே இல்லை. ஒன்பது வருஷம் ஒன்றும் ஆகாததற்கும் பத்தாவது வருஷம் ஆவதற்கும் முரண்பாடு கிடையாது.

இந்த ஒவ்வாமை உடனே காட்டாது. ஒருநாள் கழித்து, இரண்டுநாள் கழித்து, சிலருக்கு மூன்றாம் நாள்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அடித்த டை செவ்வாய்க்கிழமை அரித்தால் யாருக்கு டை ஞாபகம் வரும்? நம் ஊரில் பழி திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேலேயோ கருவாடு மேலேயோதான் விழும். தலைத்தோல் தடிமன் என்பதால் அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாமல், மெல்லிய தோல் இருக்கும் நெற்றியோரம், காது, கண்ணிமை, பிடரி ஆகியவை மாட்டிக்கொள்ளும். நம் நிறத்துக்குச் சிவப்பாகத் தெரிவதைவிடக் கருமையாகத்தான் அதிகம் தெரியும். அரிப்பு நின்ற பிறகும் அந்தக் கருமை மாதக்கணக்கில் இருக்கும்.

ஆகவே, இன்றிலிருந்து டையை நிறுத்துங்கள். அடுத்த தடவை அரிப்போடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு இமையும் பணியாரம் மாதிரி வீங்கி, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பி.பி.டி. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் தங்கிவிடும். பிராண்டை மாற்றினால் தீராது. "அம்மோனியா இல்லாதது" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அம்மோனியா மூக்கை எரிக்கும், அவ்வளவுதான். உங்கள் நெற்றியைக் கறுக்க வைப்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. "ஹெர்பல்" என்பதும் அப்படித்தான். நல்ல மருதாணி முடிக்குச் செம்மைதான் கொடுக்கும். வெறும் மருதாணி என்று விற்கும் பொடி அரைமணியில் கரிக்கட்டை நிறம் கொடுத்தால் அதில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் இதே பி.பி.டி.தான். திருவிழாக் கடைகளில் கையில் வரையும் "கறுப்பு மெஹந்தி"யும் அந்த வகையே. அதையும் தொடாதீர்கள்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக மருந்தை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு 96 மணி நேரத்திலும் ஒருமுறை பார்ப்போம். பேட்ச் டெஸ்ட் என்று கேளுங்கள். ஊசி, ரத்தம் எதுவும் கிடையாது. அந்த நாட்களில் முதுகு நனையாமல் குளிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். புழுக்கமான மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவு வந்தபின் அதைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, பல் டாக்டர் உட்பட எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து, சில சல்ஃபா மருந்துகள், சில துணிச் சாயங்கள் ஆகியவற்றுக்கும் பி.பி.டி.க்கும் வேதியியல் உறவு இருக்கிறது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் சில சமயம் ஒத்துக்கொள்ளாது.

மெடிக்கலில் வாங்கிய க்ரீம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்கு ஒரு ஊகம் உண்டு. மங்குக்கு என்று கவுண்டரில் கைமாறும் பல ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். ஆறு மாதத்தில் தோல் மெலிந்து, பரு வந்து, பூனைமுடி வளர்ந்து, நிறுத்தினால் எரியும். மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபையும் எடுத்துப் போங்கள்.

சரி, டை இல்லாமல் என்ன செய்வது? நரையோடு இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அந்தப் பஸ் பையனை நீங்கள்தானே சந்திக்க வேண்டும். மருதாணியும் அவுரியும் ஒரு வழி. முதல் நாள் மருதாணி போட்டு அலசிவிட்டு, பிறகு அவுரி இலைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, ஊறப்போடாமல் உடனே பூசி, ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ வைத்து அலச வேண்டும். செம்மையின் மேல் நீலம் ஏறிக் கருமைக்குப் பக்கத்தில் வரும். முதல் நாள் லேசாகப் பச்சை அடிக்கும், பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் அடங்கும். நாட்டு மருந்துக் கடையில் அவுரி என்று தெளிவாகக் கேளுங்கள், ஆவாரையைக் கொடுத்துவிடுவார்கள். கலப்படமும் உண்டு என்பதால் முழங்கை மடிப்பில் துளி பூசி இரண்டு நாள் பார்த்த பிறகே தலையில் வையுங்கள். நெற்றியின் அரிப்பு முழுக்க அடங்கும்வரை அதுவும் வேண்டாம்.

அவுரி நம் மண்ணுக்குப் புதிதல்ல. பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரி விளைந்த சீமை. அந்தச் சாயத்தில் தோய்த்த நீலத் துணி புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் ஆப்பிரிக்காவின் செனகல்வரை போயிருக்கிறது. அங்கே வேலம்பிசினுக்குப் பண்டமாற்றாக அந்தத் துணியைக் கொடுத்தார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள்.

இப்போது மகள்.

அவள் முடியில் நடந்தது இது. நம் முடியின் கருமைக்குக் காரணம் மெலனின். அதில் கரும்பழுப்பு வகை ஒன்று, செம்மஞ்சள் வகை ஒன்று. ப்ளீச் கரும்பழுப்பை முதலில் கரைத்துவிடும். செம்மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் அசையாது. அதனால்தான் கறுப்பு முடியைப் ப்ளீச் செய்தால் நேரே வெள்ளைக்குப் போகாமல் முதலில் செம்பில் வந்து நிற்கிறது. அவள் அங்கேயே நிறுத்தியிருக்கிறாள், புத்திசாலி. சாம்பல், வெள்ளி, நீலம் என்று போக ஆசைப்பட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று சுற்று ப்ளீச் ஆகியிருக்கும். அப்போது முடி தேங்காய் நார் ஆகிவிடும்.

முடி கொட்டுமா என்றால், வேரோடு கொட்டாது; நடுவில் ஒடியும். இரண்டும் வேறு. தலைக்கு வெளியே இருக்கும் முடி உயிரில்லாத பொருள். அதற்கு என்ன செய்தாலும் தோலுக்குள் இருக்கும் வேர் தன் வேலையைப் பார்க்கும். தோல் வெந்து புண்ணாகும் அளவுக்குப் ப்ளீச்சை வைத்தால்தான் வேருக்குச் சேதம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், பழையபடியே கறுப்பாக வளர்ந்துகொண்டிருக்கும். அதுவரை தலைக்குக் குளிக்கும் முன் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்று 2003-இல் மும்பையில் ஓர் ஆய்வு வந்தது. செய்தது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் அனுபவத்தில் அது சரிதான். கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ரசாயனம் இவ்வளவுதான். நீங்கள் கேட்டது மனநிலையை.

உங்கள் மாமியார் சொன்னதைக் கவனித்தீர்களா? "எண்ணெயே காணாத தலை." அவர் பேத்தியைக் கெட்டுப்போனவள் என்று சொல்லவில்லை, கவனிப்பாரில்லாதவள் மாதிரி இருக்கிறாள் என்கிறார். அவர் காலத்தில் செம்பட்டை என்றால் அதுதான் பொருள். புரதச்சத்து இல்லாமல் வயிறு உப்பி நிற்கும் குழந்தைக்கு முடி நிறம் மங்கிச் செம்பட்டையாகும். நாங்கள் அதைப் பாடத்தில் படித்தோம், அந்தக் காலத்து வார்டுகளில் கண்ணாலும் பார்த்தோம். தேவனாம்பட்டினத்துக் கரையில் நாளெல்லாம் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் ஆடும் பிள்ளைகளுக்கும் நுனிமுடி அப்படி வெளுக்கும். அது வெறும் வெயில், நோயல்ல. ஊர் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து ஒரே பேர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் "செம்பட்டை" என்று கூப்பிடப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அதே நிறத்துக்கு இன்று புதுச்சேரிப் பார்லரில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். பாட்டி அதே தலையில் வறுமையைப் பார்த்தார், நீங்கள் கெட்ட சகவாசத்தைப் பார்த்தீர்கள், அவள் தோழிகள் தைரியத்தைப் பார்த்திருப்பார்கள். முடிக்கு இதில் எதுவும் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் ஊரிலும் இதே கூத்துதான். அங்கே பொன்முடிப் பெண் என்றால் அழகி, ஆனால் மண்டையில் ஒன்றுமில்லை என்று பேச்சு. செம்முடி என்றால் கோபக்காரி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஜகோர்ஸ்கி என்பவர் 2016-இல் இதை எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தார். அந்த நாட்டில் பல்லாயிரம் பேரை இளவயதிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஒரு கணக்கெடுப்பில், அவர்கள் எழுதிய அறிவுத்திறன் தேர்வும் இருந்தது, இயற்கையான முடி நிறமும் இருந்தது. வெள்ளை இனப் பெண்களில் பொன்முடிக்காரிகளின் சராசரி 103.2, பழுப்பு முடிக்கு 102.7, செம்முடிக்கு 101.2, கருமுடிக்கு 100.5. வித்தியாசம் ஒன்றுக்கும் உதவாத அளவு சின்னது. ஆனால் கேலி என்னவோ பொன்முடிக்குத்தான். செம்முடிக்குக் காரணம் எம்.சி.1.ஆர். என்ற மரபணு என்று 1995-இல் தெரிந்தது. அது நிறத்தை மாற்றும். கோபத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பொன்முடி என்றாலே வெள்ளைத் தோல் என்று நாம் நினைப்பதும் தப்பு. பசிபிக்கில் சாலமன் தீவுகள் என்று ஒன்று. அங்குள்ளவர்கள் நம்மைவிடக் கறுப்பு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே பொன்னிற முடி. ஐரோப்பியர் கலப்பு என்றும், மீன் அதிகம் சாப்பிடுவதால் என்றும், வெயில் என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் சோதித்துப் பார்த்தால், ஐரோப்பியர்களிடம் இல்லவே இல்லாத தனி மரபணு மாற்றம் ஒன்று அது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக் கூட்டிவந்து முதுநகர்க் கடைத்தெருவில் நிறுத்தினால் நாம் என்னவெல்லாம் கதை கட்டுவோம்!

"ஊர்ல என்ன சொல்வாங்க" என்ற உங்கள் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களின் அமெரிக்காவில் முடிக்குச் சாயம் போடுபவள் என்றால் நடிகை, இல்லாவிட்டால் ஒரு மாதிரியான பெண். குடும்பப் பெண் போட்டாலும் வெளியே சொல்லமாட்டாள். 1956-இல் கிளெய்ரால் என்ற சாய நிறுவனத்துக்கு ஷெர்லி பாலிகாஃப் என்ற பெண் ஒரு விளம்பரம் எழுதினார். "போட்டிருக்கிறாளா, இல்லையா?" என்று ஒரு கேள்வி, அது அவள் முடியலங்காரக்காரிக்கு மட்டும்தான் தெரியும் என்று பதில். படத்தில் அந்தப் பெண்ணோடு பெரும்பாலும் ஒரு குழந்தையையும் சேர்த்து நிறுத்தினார்கள். இவளும் ஒரு தாய்தான், பயப்படாதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல. பச்சையாகச் சொன்னால், அந்தக் குழந்தையின் வேலை நற்சான்று கொடுப்பது. அதற்குப் பிறகு அங்கே சாயம் வீட்டுக்கு வீடு போனது. உங்கள் மகளிடம் நீங்கள் கேட்ட கேள்வியை அமெரிக்காவில் ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

தலையை மாற்றிக்கொண்டு ஊரின் நினைப்பை மாற்றுவது நமக்கும் பழக்கம்தான். சின்ன வயதில் அரியணை ஏறிய கரிகாலனிடம் வழக்கு கொண்டுவந்த இரண்டு முதியவர்கள், இந்தப் பொடியன் என்ன தீர்ப்புச் சொல்லிவிடப் போகிறான் என்று தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடி சூடிக் கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். கேட்டு மகிழ்ந்தார்கள் என்கிறது பழைய பாட்டு. தீர்ப்பு அவனுடையதுதான், நரைதான் கடன் வாங்கியது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நானும் அனுபவித்திருக்கிறேன். க்ளினிக் போட்ட புதிதில், என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டியபின் நானும் டையை விட்டேன். முதல் ஆறு மாதம், "உடம்பு சரியில்லையா டாக்டர்?" என்று விசாரிப்பு. அதன்பிறகு பெரிய டாக்டரை யாரும் தேடவில்லை. நான் படித்தது ஒன்றும் கூடவில்லை.

ஆனால் இந்தச் சலுகை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. 2011-இல் அஜித் நரையை மறைக்காமல் திரையில் வந்தார். மறுநாளிலிருந்து "சால்ட் அண்ட் பெப்பர்" என்பது ஆண்களுக்குப் பாராட்டாகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரருக்கு நரைத்திருந்தால் யாரும் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுப் பஸ்ஸில் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 36 வயதில் உங்களுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே வருத்தமும். அந்தப் பையன் மரியாதை என்று நினைத்துத்தான் எழுந்திருப்பான். (ஒரு மருத்துவ ஒட்டு: நம் நாட்டவர்களுக்கு 25 வயதுக்குள் நரை வந்தால்தான் இளநரை என்போம். 36 இயல்புக் கணக்கில்தான் சேரும். சோர்வு, உடம்பு கூடுவது, கைகால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் மட்டும் தைராய்டும் பி12-ம் பாருங்கள்.)

இனி மகளின் கேள்விக்கு வருவோம். கறுப்பும் கலர்தான். அவள் சொன்னது சரி. அதை அவளிடம் ஒத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அவள் அடித்திருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலும் அடுத்தவர் கண்தான் எஜமான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக் காலையை யாருக்காகக் கொடுக்கிறோம் என்று உங்களை நீங்கள் கேட்டுப் பார்த்தால், அவள் யாருக்காகச் செய்தாள் என்பது பாதி புரிந்துவிடும். மீதியை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது "ஏன்டி இப்படிப் பண்ணினே" என்று கேட்காதீர்கள். அது கேள்வியே இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். என் க்ளினிக்கில் உட்கார்ந்து இளம்பெண்கள் சொன்ன காரணங்கள் சில: தேர்வு முடிந்தது. தோழியோடு பேச்சுவார்த்தை இல்லை. பத்து வருஷமாக ரெட்டைப் பின்னலும் ரிப்பனும் போட்டாயிற்று, முதல்முறையாக என் தலை என் கையில். ஒருத்தி, "கண்ணாடில பாத்தா அம்மா மாதிரியே இருக்கேன் டாக்டர்" என்றாள். பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், நான்தான் பேச்சை மாற்றினேன். பெரிய நோயிலிருந்து எழுந்து, முளைத்த முடிக்கு ஊதா நிறம் போட்டுக்கொண்டு வந்த பெண்ணும் உண்டு; அவளுக்கு ஒவ்வாமை வராத நிறமாகத் தேடிக் கொடுத்தேன்.

வாழ்க்கையில் ஒன்று மாறும்போது தலையில் கை வைப்பது எங்கிருந்தோ வந்த பழக்கமில்லை. திருவந்திபுரத்தில் வேண்டுதல் நிறைவேறியதும் மொட்டை போடுகிறோம். அப்பா போனால் மகன் தலை மழிக்கிறான். மாலை போட்டவன் தாடி வளர்க்கிறான். இதையெல்லாம் ஊர் ஒரு நொடியில் படித்துக்கொள்கிறது, யாரும் காரணம் கேட்பதில்லை. உங்கள் மகளுடையது இன்னும் ஊருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

கெட்ட சகவாசத்தை முடி நிறத்தில் கண்டுபிடிக்க முடியாது. கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: சாப்பாடு குறைவது, இரவெல்லாம் விழித்திருப்பது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசாமல் போவது, தன் முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கித் தலையில் வழுக்கைத் திட்டுகள் வருவது. இதில் ஏதாவது இருந்தால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள், பேசித் திருத்தலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பதிலுக்குப் பதில் வாதாடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

ஊர் பேசாது என்று உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். பேசும். அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் கண்ணே இருக்கலாம். அதை அவளிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள், முடிவு அவளுடையது. தோள்வரை இருக்கும் முடியில் அதற்குள் பாதிகூடப் புதுக் கறுப்பு வளர்ந்திருக்காது, அது உண்மை. இன்டர்வியூவுக்காக அவசரத்தில் கடையில் கறுப்பு டை வாங்கி அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ப்ளீச் செய்த முடியில் அது திட்டுத்திட்டாகவோ பச்சையடித்தோ நிற்கும். அதோடு, இதுவரை அவள் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் எறும்பெழுத்தில் எழுதியிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை.

நீங்கள் இருவரும் ஒரே நாளில் தோல் மருத்துவரிடம் போனால் நல்லது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. பேட்ச் டெஸ்ட்டுக்குப் புதுச்சேரியின் மருத்துவக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றுக்கு வரவேண்டியிருக்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள், இந்தத் தடவை அவள்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பழைய டை பாக்கெட்டைக் குப்பையில் போட்டிருந்தால் அதே மாதிரி வெற்று அட்டை ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, மெடிக்கல் ட்யூபோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நெற்றியில் எந்தக் க்ரீமும் வேண்டாம். எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த வேட்டித்துணியை ஒற்றி எடுங்கள், போதும்.